வரிப் பாக்கியும் வெளியேறு நோட்டீசும்: வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம்?

பண்டாரவளைப் பக்கம் யார் வீட்டுக் கதவிலாவது ஒரு கடதாசி ஒட்டினால், அரை மணித்தியாலத்துக்குள் அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கும் வரும். படத்துக்குக் கீழே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எத்தன நாளைக்கு இங்க இருக்கலாம்?"

நான் சட்டத்தரணி இல்லை. தோட்டத்தில் பிறந்து டவுனுக்குக் குடிவந்தவன் என்பதால் இரண்டு பக்கத்துக் கடதாசியும் என்னிடம் வருகின்றன. ஒன்று, மாநகர சபையிலிருந்து வரும் வரிப் பாக்கி நோட்டீஸ். மற்றது, "இந்தக் காணியை விட்டு வெளியேறு" என்று வரும் நோட்டீஸ். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி முத்திரையோடு, ஒரே மாதிரிப் பயமுறுத்தும் எழுத்தோடு இருக்கும். ஆனால் ஒன்று தரும் காலத்துக்கும் மற்றது தரும் காலத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

டவுன் வீடும் மதிப்பீட்டு வரியும்

முதலில் டவுனில் வீடு, கடை வைத்திருப்பவர்கள். மாநகர சபை எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு ஆதனத்துக்கும் "ஆண்டுப் பெறுமதி" என்று ஒரு தொகை கணிக்கப்படும். அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று சபை தீர்மானிப்பதுதான் வருட வரி. உதாரணத்துக்கு ஆண்டுப் பெறுமதி 20,000 ரூபாய், வரி நூற்றுக்கு எட்டு என்றால் வருடத்துக்கு 1,600 ரூபாய். நான்கு காலாண்டாகப் பிரித்துக் கட்டலாம். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து.

இவ்வளவு சின்னத் தொகை எப்படி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு வளர்கிறது? காசில்லாததைவிடக் குடும்பப் பிரச்சினைதான் பெரும்பாலும் காரணம். வீடு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா செத்து இருபது வருடம் ஆகியிருக்கும். சபையின் பதிவேட்டில் இன்னமும் அவர் பெயர்தான். பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில், ஒருவர் டொரொன்டோவில். ஒவ்வொருவரும் மற்றவர் கட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் குடியிருப்பது விதவையான ஓர் அத்தையோ, வாடகைக்கு வந்த ஒரு குடும்பமோ. செத்தவர் பெயருக்கு வரும் நோட்டீசை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். மேசை லாச்சியில் சேர்ந்துகொண்டே போகும்.

கட்டாமல் விட்டால் நடப்பதை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சபை கொடுத்த தவணைக்குள் காசு வராவிட்டால் வரண்ட் பிறப்பிக்கலாம். வரண்டோடு வரும் உத்தியோகத்தர், சொந்தக்காரரின் சொத்தைக் கைப்பற்றி விற்று வரியையும் செலவையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டுச் சொந்தக்காரர்கள் பலர் இருந்தால் அவர்களில் எவருடைய சொத்திலும் கை வைக்கலாம். அந்த வளவுக்குள் கிடக்கும் அசையும் பொருள்களை, அவை யாருக்குச் சொந்தமானாலும், எடுத்துச் செல்லவும் அதிகாரம் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். வரி கட்டாதது வீட்டுக்காரர். வரண்ட் வந்தால் போகக்கூடியது நீங்கள் தவணைக்கு எடுத்த டீவியும் பிரிட்ஜும் தையல் மெசினும். "வரி வீட்டுக்காரன் பாடு, எனக்கென்ன" என்று இருந்துவிட முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். வரி வரண்ட் என்பது கடனை அறவிடும் கட்டளை. ஆட்களை வெளியேற்றும் கட்டளை அது இல்லை. வரண்ட் வந்த அன்று யாரும் பெட்டி கட்டத் தேவையில்லை. பொருள்களைக் கைப்பற்றுவது, காணியைக் கைப்பற்றுவது, ஏல அறிவித்தல், ஏலம், விற்பனைச் சான்றிதழ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் இருக்கின்றன. விற்பனை முடியும் முன் எந்தப் படியிலும் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்க முயலலாம். சபைக்கு வேண்டியது காசு. உங்கள் வீட்டை வைத்து அதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே மேயரிடமோ மாநகர ஆணையாளரிடமோ நேரில் போய், எழுத்தில் தவணை கேட்பவருக்குக் கதவு திறக்கும் வாய்ப்பு அதிகம்.

அதையும் தாண்டி ஏலம் போய்விட்டது என்று வையுங்கள். வாங்கியவர் அடியாட்களோடு வந்து உங்கள் சாமானை வெளியே தூக்கிப் போட முடியாது. குடியிருப்பவர் இறங்க மறுத்தால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். மீறிப் பலாத்காரமாக வெளியேற்றினால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உங்களுக்கு இருக்கிறது. வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இருந்தவரை இருந்த இடத்தில் வை என்று நீதவான் கட்டளையிட முடியும். அந்த இரண்டு மாதத்தை "பேசித் தீர்ப்போம்" என்று சொல்பவர்களிடம் தொலைத்துவிடாதீர்கள். பேசுங்கள், ஆனால் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.

வாடகைக்காரருக்கு இன்னொரு பாதுகாப்பு, நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கும் உரோமன் டச்சுச் சட்டம். வீடு கைமாறினாலும் நடப்பில் உள்ள வாடகை உடன்படிக்கை அறாது என்பது அதன் பழைய விதி. வரி ஏலத்தில் வாங்கியவர் தன் சான்றிதழைக் காட்டி இதை எதிர்த்து வாதிடலாம். அப்போது உங்கள் கையில் எழுதிய உடன்படிக்கையும் வாடகைப் பற்றுச்சீட்டும் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கும். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை முடிந்த வீட்டைச் சுருக்கமான வழக்கில் மீட்க உரிமையாளருக்கு வழி செய்திருக்கிறது. குத்தகை எப்போது முடிகிறது என்பதைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.

ஆக, டவுனில் உறுதியோடு வீடு வைத்திருப்பவருக்கு வரிப் பாக்கி விழுந்த நாளிலிருந்து வீட்டை இழக்கும் நாள் வரைக்கும் நீண்ட பாதை இருக்கிறது. பாதை நெடுகத் திரும்பி வர வாசல்களும் இருக்கின்றன.

வரிக்காக வயல் போன காலம்

இப்படி வாசல்கள் இல்லாத காலமும் இந்த மலைகளில் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

பிரித்தானியர் காலத்தில் நெல்லுக்கு வரி இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது விளைந்தாலும் விளையாவிட்டாலும் காசாகக் கட்டவேண்டிய நிலையான தொகையாக மாறியது. நேரம் மிகக் கெட்ட நேரம். 1869இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. கிராமத்தவர்கள் கையில் காசு புழங்கியது கோப்பியால்தான். அது போனபின் வரிக்குக் காசில்லை. வரி கட்டாதவரின் வயல் ஏலத்தில் விற்கப்பட்டது, பல நேரம் மிகச் சொற்ப விலைக்கு.

நம் பதுளை மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனையில் இதன் விளைவு மிகக் கொடூரமாக இருந்தது. 1880களில் வயலை இழந்த சிங்களக் கிராமத்தவர்கள் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். அதை எழுதிவைத்தவர் அரசாங்கத்தின் சொந்த அதிகாரி, நுவரெலியா உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர். விவகாரம் லண்டன் வரை போனது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் வரியைக் காத்து நின்றார். அவருக்குப் பின் வந்த ஹவ்லொக் காலத்தில், 1892இல், நெல் வரி ஒழிக்கப்பட்டது. இடைப்பட்ட 1886இல்தான் ஊவா தனி மாகாணமானது. 1894இல் பண்டாரவளைக்கு ரயில் வந்தது. ரயிலோடு தேயிலையும் தேயிலையோடு நம் ஆட்களும் இந்தப் பக்கம் பெருகினார்கள்.

வரிக்காக வீட்டையும் வயலையும் பறித்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மலை நாடு பிணங்களால் கற்றிருக்கிறது. இன்றைய வரிச் சட்டத்தில் படிப்படியான நடைமுறை இருப்பதை நாம் ஒரு சலுகையாக நினைக்கவேண்டியதில்லை. அது பெரும் விலை கொடுத்து வாங்கியது.

லயத்துக்கு வரும் நோட்டீஸ்

இனி இரண்டாவது கடதாசி.

லயக் காம்பிராவில் இருப்பவருக்கு மதிப்பீட்டு வரி நோட்டீஸ் வருவதில்லை. அவர் பெயரில் ஆதனமே இல்லை. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி என்று ஒன்று உண்டு, அது தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையிலான கணக்கு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சுயமாகப் பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை நம் ஆட்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்குப் போட்டார்கள், அதே சபை போட்ட தார் ரோட்டு தோட்டத்து எல்லையோடு நின்றது. பல லயங்களுக்கு இன்றும் வீட்டிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து கைக்கு வரவேண்டும்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போய், பிறகு 53 வருடக் குத்தகையாகின. கம்பனி நடத்தினாலும் காணி அரச காணி. இதனால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டம் இங்கே நுழைகிறது. டவுனில் வீடு வைத்திருப்பவர்களில் பலர் கேள்விப்பட்டிராத சட்டம். தோட்டப்புறத்தில் எல்லோரும் தெரிந்திருக்கவேண்டிய சட்டம்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். நீங்கள் அனுமதியில்லாமல் அரச காணியில் இருக்கிறீர்கள் என்று தகுதிவாய்ந்த அதிகாரி கருதினால் வெளியேறு நோட்டீஸ் கொடுப்பார். நோட்டீஸ் கொடுத்த அல்லது ஒட்டிய நாளிலிருந்து ஆகக் குறைந்தது 30 நாள் அவகாசம். போகாவிட்டால் அவர் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பார். உங்களுக்கு அழைப்பாணை வரும். அங்கே நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: இந்தக் காணியில் இருக்க அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்துமூல அதிகாரமோ என்னிடம் இருக்கிறது. "என் பாட்டன் இந்தக் காட்டை வெட்டினான், என் தாய் இதே காம்பிராவில் என்னைப் பெற்றாள்" என்பது அந்த நீதிமன்றத்தில் பதிலாகாது. அனுமதிக் கடதாசியைக் காட்ட முடியாவிட்டால் வெளியேற்றும் கட்டளை வரும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டவுனில் வரி கட்டாமல் விட்டவர் உண்மையிலேயே கடன்காரர். அவருக்குப் பல படிகள், பல வாசல்கள், மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஓடும் காலம். லயத்துக்காரர் யாருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்காதவர். அவருக்கு 30 நாளும் ஒரு கேள்வியும். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது உறுதி என்ற ஒரு கடதாசி. நான் இந்தப் பதிவில் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

இருப்பது குற்றமா?

1946இல் கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம் ஆட்கள் சொல்லும் உருளவள்ளித் தோட்டத்தை, கிராம விரிவாக்கத்துக்காக அரசாங்கம் எடுத்தது. அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் போகவில்லை. இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தியது. உருளவள்ளிப் போராட்டம் என்று மலையக வரலாற்றில் பேசப்படுவது இது.

அந்தக் காலத்தில் லயத்தை விட்டு இறங்காதவரைத் துரைமார் குற்றவியல் அத்துமீறல் என்று பொலிசில் பிடித்துக் கொடுப்பார்கள். அப்படியொரு வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. "செல்வநாயகம் எதிர் அரசர்" என்பது வழக்கின் பெயர். தந்தை செல்வா இல்லை, தோட்டத்தில் வேலை செய்து தோட்டத்திலேயே குடியிருந்த ஒருவர். 1950இல் வந்த தீர்ப்பு அவரை விடுவித்தது. நோட்டீஸ் கொடுத்த பின்னும் ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருக்கிறார் என்றால், நிர்வாகத்துக்குத் தொந்தரவு கொடுப்பது அவருடைய பிரதான நோக்கம் என்று காட்டவேண்டும். நெடுங்காலம் இருந்த வீட்டை விடாமல் வைத்துக்கொள்வதுதான் அவர் எண்ணம் என்றால் அது அந்தக் குற்றம் ஆகாது என்று நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். நம் ஆட்களின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு இரண்டு வருடங்களில், லயத்தில் இருந்த ஒருவர் வென்ற வழக்கு இது. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கவேண்டிய வழக்கு.

1979ஆம் ஆண்டின் சட்டம் வந்தபின் அரச காணி விஷயத்தில் குற்றத்தை நிரூபிக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. குறுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் குறுக்கு வழியிலும் நோட்டீஸ் வேண்டும், 30 நாள் வேண்டும், நீதவானின் கட்டளை வேண்டும். 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் உதவி முகாமையாளர் ஒருவர் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலை உடைத்த காணொளி நாடெங்கும் பரவியது ஞாபகம் இருக்கும். அப்படிக் கையால் உடைக்கும் அதிகாரம் எந்தச் சட்டமும் எந்தத் துரைக்கும் தரவில்லை.

நோட்டீசே பிழை என்றால்? அதிகாரியின் முடிவை எதிர்த்து ரிட் மனுப் போடலாம். எங்கே போடுவது என்பதிலும் ஒரு தோட்டத்துக் கதை இருக்கிறது. ராகலைப் பக்கத்து ஸ்டாஃபர்ட் தோட்டத்தில் குடியிருந்த சோலைமுத்து ராசு என்பவருக்கு வெளியேறு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. அவர் கண்டியில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு மேலே மேலே போய், 2013 செப்டம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம், அரச காணி தொடர்பான நோட்டீசை எதிர்க்கும் ரிட் மனுவை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பற்றிப் பேசும் எல்லோரும் காணி அதிகாரம் குறித்து அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் அடியில் இருந்தது ஒரு குடியிருப்பாளரின் வீட்டுப் பிரச்சினை என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பின் நடைமுறை விளைவு, பண்டாரவளையில் நோட்டீஸ் வாங்கியவர் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஏறவேண்டும். நாட்சம்பளக்காரருக்கு அந்தப் பயணமே ஒரு தண்டனை.

வெளிநாட்டில் எப்படி

டொரொன்டோவில் இருக்கும் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். ஒன்டாரியோவில் வீட்டு வரி இரண்டு வருடம் பாக்கி விழுந்தால் நகராட்சி காணிப் பதிவில் வரிப் பாக்கிச் சான்றிதழை ஏற்றலாம். அன்றிலிருந்து ஒரு வருடம் கொடுப்பார்கள். அதற்குள் முழுப் பாக்கியையும் செலவோடு கட்டினால் வீடு தப்பும். தவறினால் விற்பனைதான்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் ஹெனபின் கவுண்டி, ஜெரல்டீன் டைலர் என்ற முதிய பெண்ணின் அடுக்குமாடி வீட்டை வரிப் பாக்கிக்காக எடுத்தது. வட்டியும் அபராதமும் சேர்த்துக் கடன் சுமார் 15,000 டொலர். விற்றது 40,000க்கு. மிச்சத்தையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அது அரசியலமைப்புக்கு முரண் என்றது. வரி என்பது வரியளவுக்குத்தான். அதைச் சாக்காக வைத்து ஒருவரின் மொத்தச் சொத்தையும் விழுங்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வலப்பனையில் சொற்ப வரிக்கு வயல் போனபோது யாரும் சொல்லாத நீதி இது.

இந்த இரண்டு இடங்களிலும் கவனியுங்கள், காலம் கிடைப்பது காணிப் பதிவில் பெயர் இருப்பவருக்கு.

கையில் இருக்கும் கடதாசியை வாசியுங்கள்

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி நம் பண்டாரவளையில்தான் ஜனாதிபதி தலைமையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் இரண்டாயிரம் அளவிலான மலையகக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கும் நிகழ்வு நடந்தது. சந்தோஷப்படவேண்டிய நாள். அதே வாரத்தில், கொடுத்தது காணி உறுதியா, வீடு தருவதாகச் சொல்லும் பத்திரமா என்ற விவாதமும் மலையகக் கட்சிகளிடையே எழுந்தது. அரசியல்வாதிகள் அவரவர் பக்கத்தைப் பேசட்டும். கையில் கடதாசி வைத்திருப்பவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இதைக் காணிப் பதிவகத்தில் பதியலாமா? இதில் வரைபட இலக்கமும் பேர்ச் அளவும் இருக்கிறதா? நாளை எனக்குப் பின் என் மகள் பெயருக்கு மாற்றலாமா? நீதவான் "எழுத்துமூல அதிகாரம் எங்கே?" என்று கேட்டால் இதை நீட்டலாமா?

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. தப்பியவர்கள் புது வீட்டுக்காக நீண்ட காலம் முகாமில் காத்திருந்தார்கள். சொந்தக் காணி என்று காட்ட ஒரு துண்டு நிலமாவது இருந்திருந்தால், இடம் தேடுவதற்கே அவ்வளவு காலம் போயிருக்காது.

இனிச் செய்யவேண்டியவை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

டவுன் வீட்டுக்காரர்கள்: இறந்தவர் பெயரில் வரிப் பதிவு இருந்தால் இந்த மாதமே மாற்ற விண்ணப்பியுங்கள். சகோதரர்களில் ஒருவரை வரி கட்டப் பொறுப்பாக்கி, மற்றவர்கள் அவருக்குப் பங்கு அனுப்புங்கள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். வரிப் பற்றுச்சீட்டு உறுதிக்குச் சமமாகாது, ஆனால் தனியார் காணியில் இத்தனை வருடம் இருந்தோம் என்று காட்டவேண்டிய வழக்கில் அது நல்ல சாட்சி.

வாடகைக்கு இருப்பவர்கள்: வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரரிடம் வரிப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கட்டாமல் நீங்கள் கட்டவேண்டி வந்தால், வாடகையில் கழிப்பதாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வரண்ட் வந்தால் உங்கள் பொருள்களின் பில்லோடு அன்றே சபைக்குப் போங்கள்.

லயத்தில் இருப்பவர்கள்: எந்த நோட்டீசையும் வாங்க மறுக்காதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். வந்த திகதியை எழுதிவையுங்கள். 30 நாள் எண்ணுவது அந்தத் திகதியிலிருந்துதான். யார் கையெழுத்து, எந்தச் சட்டம், எந்தக் காணி என்று பாருங்கள். தனிச் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள். பண்டாரவளைப் பிரதேச செயலகப் பிரிவு இருமொழிப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடம். மின்சாரப் பில், வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், தோட்டம் கொடுத்த எந்தக் கடிதமானாலும் ஒரு பைலில் சேருங்கள். நீதவான் முன் அவையெல்லாம் போதாமல் போகலாம், ஆனால் மேன்முறையீட்டுக்கும் மாற்று வீடு கேட்பதற்கும் அவை வேண்டும். வழக்குக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அவர்களிடம் இலவச உதவி கிடைக்கும். நோட்டீஸ் கொடுத்த அதிகாரியின் கோவையில் என்ன இருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. "உறுதி தந்தால் பிறகு வரி கட்டவேண்டி வரும், இருக்கிறபடி இருக்கட்டும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வரி கட்டும் வீட்டை எடுக்கச் சபை பல படி ஏறவேண்டும். வரியில்லாத காம்பிராவை எடுக்க ஒரு நோட்டீசும் நீதவானின் ஒரு கட்டளையும் போதும். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் வரி, நம் பெயரை அரசின் பதிவேட்டில் வைத்திருக்க நாம் கொடுக்கும் விலை. அதை மனமுவந்து கொடுக்க நாம் தயாராகவேண்டும். இருநூறு வருடம் உழைத்த மக்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கொடுக்க அரசும் தயாராகவேண்டும். ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ, பதியக்கூடிய, பிள்ளைக்கு எழுதக்கூடிய முழு உறுதி வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள், பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருகிற எல்லோரிடமும் கேளுங்கள். அதுவரை கதவில் எந்தக் கடதாசி ஒட்டப்பட்டாலும், திகதியை எழுதிக்கொண்டு அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.